வாலில் வைத்த பலகை: அணியா, கருவியா?



இன்று நம் நகரத் தெருக்களில் செல்லும் கார்களைச் சற்று உற்று நோக்கினால், அவற்றுள் சிலவற்றின் பின்புறத்தில், சாமான் பெட்டியின் மூடிமீதோ கூரையின் ஓரத்திலோ, ஒரு பலகை பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். சில வண்டிகளில் அது விரலளவு உயர்ந்த விளிம்பாக இருக்கும். வேறு சிலவற்றில் இரண்டு கால்களின்மேல் நிறுத்திய மேசைப் பலகைபோல் ஓங்கி நிற்கும். இதனை ஸ்பாய்லர் என்று வழங்குகின்றனர்.

இப்பலகையைப் பற்றி மூவகைக் கருத்துகள் உலவுகின்றன. இது வெறும் அணி, பெண்கள் கூந்தலில் சூடும் மலரைப் போன்றது என்பர் ஒரு சாரார். இது காற்றைக் கிழித்து வண்டியை விரைவாக ஓடச் செய்யும் என்பர் மற்றொரு சாரார். இது வண்டியைச் சாலையோடு அழுத்திப் பிடித்து, வளைவுகளில் தடம் புரளாமல் காக்கும் என்பர் மூன்றாம் சாரார். இம்மூன்றில் எது மெய்? இதனை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம். இது கார் வைத்திருப்போருக்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. பௌதிகத்தில் நீங்கள் படிக்கும் விசை, அழுத்தம், உராய்வு, நெம்புகோல் ஆகிய நான்கும் இந்த ஒரு பலகையில் வந்து கூடுகின்றன. அதனினும் முக்கியமாக, இதனைப் பிழையாக அறிந்தோர் உயிரையும் பணயம் வைக்க நேரிடும்.

முதலில் காற்றைப் பற்றிச் சிறிது நோக்குவோம். காற்று கண்ணுக்குத் தோன்றாவிடினும் எடையுள்ள பொருள். ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ எடையுள்ளது. விரைந்து செல்லும் வண்டி இக்காற்றை ஒவ்வொரு கணமும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே செல்லவேண்டும். அதனால் எழும் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கின்றது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும்; அத்தடையை வெல்ல எஞ்சின் தரவேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய தென்றலாக இருக்கும் காற்று, 120 கிலோமீட்டரில் பெருஞ்சுவராக நிற்பது இக்காரணத்தாலேயே.

காற்று தடை செய்வதோடு நின்றுவிடுவதில்லை, தூக்கவும் செய்கின்றது. ஒரு துண்டுத் தாளை எடுத்து, அதன் ஓரத்தை உங்கள் கீழுதட்டின் அருகே வைத்துப் பிடியுங்கள். தாளின் மறுமுனை வளைந்து கீழே தொங்கும். இப்போது தாளின் மேற்புறமாக ஊதுங்கள். கீழே தள்ளப்படும் என்று நீங்கள் எண்ணிய தாள் மேலே எழுகின்றது! வளைந்த பரப்பைத் தழுவிக்கொண்டு ஓடும் காற்றின் அழுத்தம் அப்பரப்பின் அருகே குறைகின்றது; கீழிருக்கும் காற்றின் அழுத்தம் மிகுதியாக இருப்பதால் அது தாளை உயர்த்துகின்றது. மேலே செல்லும் காற்றும் கீழே செல்லும் காற்றும் பின்முனையில் ஒரே நேரத்தில் சந்திக்கவேண்டும் என்றும், ஆதலின் மேற்காற்று விரைந்து ஓடுகின்றது என்றும் சில நூல்களில் விளக்கம் காணலாம். அது பிழையான விளக்கம். அவ்வாறு சந்திக்கவேண்டும் என்ற கட்டாயம் காற்றுக்கு இல்லை.

காரின் பக்கத்தோற்றத்தை மனத்தில் வரைந்து பாருங்கள். அடிப்புறம் ஏறத்தாழத் தட்டையாகவும், மேற்புறம் முதுகுபோல் வளைந்தும் இருக்கின்றதன்றோ? அது விமானச் சிறகின் வடிவத்திற்கு உறவான வடிவம். ஆதலின் கார் ஓடும்போது காற்று அதனைச் சிறிது மேலே தூக்க முயல்கின்றது. எவ்வளவு தூக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் எடை 1,000 கிலோ என்றும், முன்னிருந்து பார்க்கும்போது தோன்றும் பரப்பு 2 சதுர மீட்டர் என்றும், அதன் வடிவத்துக்குரிய தூக்குக் குணகம் 0.3 என்றும் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தூக்கு விசை ஏறத்தாழ 10 கிலோ எடைக்குச் சமம். அதாவது வண்டியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு. 120 கிலோமீட்டரில் அது 40 கிலோ. 240 கிலோமீட்டரிலோ 160 கிலோவுக்கு மேல். வண்டியின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு! இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆராய்ச்சிக்கு இதுவே திறவுகோல்.

தூக்கினால் என்ன தீங்கு என்று கேட்கலாம். காரைச் சாலையோடு பிணைத்திருப்பவை நான்கே நான்கு இடங்கள். நான்கு டயர்களும் தரையைத் தொடும், உள்ளங்கையளவுள்ள நான்கு திட்டுகள். வண்டி திரும்புவதும் நிற்பதும் விரைவதும் அத்திட்டுகளில் எழும் உராய்வினாலேயே. டயர் தரையை எவ்வளவு அழுத்துகின்றதோ, ஏறத்தாழ அதற்கேற்ற பிடிப்பே அதற்குக் கிடைக்கும். காற்று வண்டியைத் தூக்கினால் அழுத்தம் குறையும், பிடிப்பும் குறையும். அதே வேளையில், ஒரே வளைவில் இருமடங்கு வேகத்தில் திரும்புவதற்கு நான்கு மடங்கு பிடிப்பு வேண்டும். வேகம் மிகுந்தோறும் தேவையும் இருமடிப்படி வளர்கின்றது. காற்றுப் பறித்துக்கொள்ளும் பங்கும் இருமடிப்படி வளர்கின்றது. வரவு குறையச் செலவு பெருகும் இல்லறத்தின் நிலையே அது.

அப்படியானால் வண்டியில் மணல் மூட்டைகளை ஏற்றி அழுத்தத்தைக் கூட்டலாமே என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் மூட்டை, அழுத்தத்தோடு நிறையையும் சேர்த்துக் கூட்டுகின்றது. கூடிய நிறையை வளைவில் திருப்பவும், பிரேக்கிட்டு நிறுத்தவும் கூடுதலான பிடிப்பு வேண்டும். ஆதலின் மூட்டை கொடுத்ததை மூட்டையே வாங்கிக்கொள்ளும். காற்றைக்கொண்டு அழுத்தினாலோ, அழுத்தம் கூடும், நிறை கூடாது. இந்நுட்பத்தின்மீதே பந்தயக் கார்களின் சிறகுக் கலை முழுவதும் எழுந்துள்ளது.

ஸ்பாய்லர் என்னும் சொல்லுக்குக் ‘கெடுப்பது’ என்பது பொருள். விமானம் தரையிறங்கியவுடன் அதன் சிறகின் மேற்புறத்தில் சில பலகைகள் நிமிர்ந்து எழுவதைப் பயணம் செய்தோர் கண்டிருப்பர். அவை சிறகின்மேல் செல்லும் ஒழுங்கான காற்றோட்டத்தைக் கெடுத்து, தூக்கு விசையை ஒழித்து, விமானத்தின் முழு எடையையும் சக்கரங்களின்மேல் இறக்குகின்றன. அப்போதுதான் பிரேக் நன்கு பிடிக்கும். காரின் பலகையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. உடலோடு ஒட்டி நிற்கும் விளிம்பு, காற்றோட்டத்தைக் கெடுத்துத் தூக்கு விசையைக் குறைப்பது. அதுவே முறையான ஸ்பாய்லர். உடலினின்று விலகி உயர்ந்து நிற்பதோ, தலைகீழாகக் கவிழ்த்த விமானச் சிறகு. அதன் மேலும் கீழும் காற்று ஓடும். விமானத்தை மேலே தூக்கும் அதே நெறியால் அது காரைக் கீழே அழுத்தும். பேச்சு வழக்கில் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தாலும், தொழில் வேறு என்பதை அறிதல் வேண்டும்.

இக்கருத்து எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். 1928ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், ஜெர்மனியின் பெர்லின் நகரை அடுத்த ஆஃபுஸ் ஓட்டப்பாதையில், ஃபிரிட்ஸ் ஃபான் ஓப்பல் என்பவர் 24 ராக்கெட்டுகள் பொருத்திய காரை மணிக்கு 238 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அக்காரின் இரு பக்கங்களிலும் சிறகுகள் இருந்தன. பறப்பதற்காக அன்று, பறந்துவிடாமல் இருப்பதற்காக. 1956இல் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் மிகேல் மே, தம் போர்ஷே காரின் நடுவே ஓட்டுநர் இருக்கைக்கு மேலாக ஒரு கவிழ்த்த சிறகை நிறுத்தி, நூர்பர்க்ரிங் பந்தயத்திற்குக் கொண்டுவந்தார். பந்தயத்தை நடத்தியோர் அதனை ஏற்க மறுத்தனர். புதுமையை முதற்கண் தடுத்து, பின்னர்த் தழுவுவது உலக இயல்பன்றோ? பத்தாண்டுகள் கழித்து, 1966இல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் ஹால், தம் சாப்பரல் காரில் உயர்ந்த தூண்களின்மேல் சிறகை நிறுத்தினார். அத்தூண்கள் வண்டியின் உடலின்மேல் நிற்கவில்லை; அழுத்தம் நேரே சக்கரங்களுக்குச் செல்லுமாறு, பின்சக்கர அமைப்போடு இணைக்கப்பட்டிருந்தன. நேர்ச்சாலையில் சிறகைத் தட்டையாக்கிக் காற்றுத் தடையைக் குறைப்பதற்கு ஓட்டுநரின் காலடியில் ஒரு மிதியும் இருந்தது.

1968இல் ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்குள்ளும் சிறகு நுழைந்தது. ஒருவரைக் கண்டு ஒருவர் மேலும் மேலும் உயர்ந்த சிறகுகளைக் கட்டினர். மறு ஆண்டே அதன் விலை தெரிந்தது. 1969ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில் மோன்ட்ஜுயிக் பாதையில் நடந்த பந்தயத்தில், கிரஹாம் ஹில் ஓட்டிய லோட்டஸ் காரின் சிறகு முறிந்து, வண்டி தடுப்பில் மோதியது. சில சுற்றுகளில் அதே நிறுவனத்தின் காரை ஓட்டிவந்த யோக்கன் ரிண்ட்டின் சிறகும் முறிந்தது. ஹில் காயமின்றித் தப்பினார். ரிண்ட் முகத்தில் காயமுற்றார். அம்மாதத்திலேயே, மொனாக்கோ பந்தயத்தின்போது, உயர்ந்த சிறகுகள் தடை செய்யப்பட்டன. பின்னர் உயரத்திற்கும் அமைப்புக்கும் கட்டுப்பாடு விதித்தே சிறகுகளை அனுமதித்தனர். இதிலிருந்து நாம் அறிவது யாது? பிடிப்பைத் தரும் சிறகையே நம்பி ஓட்டுபவர், அச்சிறகு நீங்கிய கணத்தில் அப்பிடிப்பு முழுவதையும் இழக்கின்றார். ஊன்றுகோல் முறிந்தால், அதன்மேல் சாய்ந்தவனே முதலில் விழுவான்.

இனிப் பந்தயத்தை விட்டுச் சாலைக்கு வருவோம். போர்ஷே நிறுவனத்தின் 911 என்னும் கார், பின்புறம் சரிந்து இறங்கும் முதுகுடையது. எஞ்சினும் பின்புறத்தில் இருப்பது. விரைந்து ஓடும்போது பின்பகுதி மேலெழ முயன்றது. 1972இல் வெளிவந்த கரேரா ஆர்.எஸ். என்னும் வகையில், வாத்தின் வாலைப்போல் நிமிர்ந்த ஒரு விளிம்பைப் பின்புற மூடியில் அமைத்தனர். பின்புறத் தூக்கு விசை பெரிதும் குறைந்தது. இதனினும் வியப்பு, காற்றுத் தடையும் கூடாமல் சிறிது குறைந்தது. 1989இல் வந்த 911 வகையில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது மட்டும் பலகை தானே எழும். வேகம் குறைந்தால் உள்ளே அடங்கிவிடும். தேவையில்லாத இடத்தில் பலகையும் தேவையில்லை என்பதை அதனைச் செய்தவர்களே நமக்கு இவ்வாறு காட்டினர்.

துயரம் கலந்த மற்றொரு சான்றும் உண்டு. 1998இல் ஆடி நிறுவனம் டி.டி. என்னும் அழகிய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்னும் பின்னும் உருண்டு திரண்ட அதன் வடிவத்தைப் பலரும் போற்றினர். அதன் பின்புறத்தில் பலகை ஏதும் இல்லை. ஆனால் ஜெர்மனியின் பெருவழிச் சாலைகளில், மிகுந்த வேகத்தில் செல்லும்போது திடீரெனத் தடம் மாற்றினாலோ வளைவில் திரும்பினாலோ, பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்தன. விபத்துகள் நேர்ந்தன, உயிர்களும் மாண்டன. அதன்பின் நிறுவனம் விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, பின்புறத்தில் ஒரு சிறு ஸ்பாய்லரைப் பொருத்தியது. அதனோடு சக்கரத் தொங்கல் அமைப்பையும் திருத்தியது. வண்டி சறுக்கத் தொடங்கினால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக்கிட்டு நிலைநிறுத்தும் மின்னணுக் கருவியையும் சேர்த்தது. இங்கு இரண்டு பாடங்கள் உள்ளன. விரலளவு விளிம்பு உயிரைக் காக்கத் துணை செய்யும் என்பது ஒன்று. அது தனியே நின்று காக்கவில்லை, பிற திருத்தங்களோடு கூடியே காத்தது என்பது மற்றொன்று.

அடுத்து, பலகை காற்றுத் தடையைக் குறைக்குமா என்ற வினாவுக்கு வருவோம். குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும் என்பதே விடை. வண்டியின் பின்புறத்தில் காற்று உடலைத் தழுவுவதை விட்டுப் பிரிந்து, சுழல்களாகக் கலங்குகின்றது. அங்கே அழுத்தம் குறைந்து, வண்டியைப் பின்னோக்கி இழுக்கின்றது. மீனின் வாலைப்போல் நீண்டு கூர்ந்த பின்பகுதி இதனைக் குறைக்கும்; ஆனால் அவ்வளவு நீண்ட வாலோடு தெருவில் திரும்ப இயலுமா? வாலைத் தக்க இடத்தில் நேராக வெட்டிவிட்டாலும் பெரும்பயன் கிடைக்கும் என்பதை, 1930களில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஊனிபால்ட் காம் என்ற பேராசிரியர் ஆராய்ந்து காட்டினார். 1984இல் எஸ். ஆர். அகமது என்பவரும் உடனாய்ந்தோரும் காரைப் போன்ற எளிய மாதிரி ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தனர். பின்புறச் சரிவு 30 பாகையை நெருங்கும்வரை தடை ஏறிச் சென்று, அதனைக் கடந்ததும் திடீரென இறங்குவதைக் கண்டனர். ஓரிரு பாகை வேறுபாட்டில் காற்றோட்டத்தின் போக்கே மாறிவிடுகின்றது!

ஆகவே, சிறிய கார்களின் கூரை முடிவில் நீண்டிருக்கும் விளிம்பு, காற்றைத் தக்க இடத்தில் பிரித்துவிடுமாறு அளந்து அமைக்கப்பட்டிருந்தால், தடையைச் சிறிது குறைத்து எரிபொருளைச் சிறிது மிச்சப்படுத்தும். ஓங்கி நிற்கும் சிறகோ எப்போதும் தடையைக் கூட்டும். கீழ்நோக்கிய அழுத்தம் இலவசமாகக் கிடைப்பதன்று. எஞ்சினின் ஆற்றலை விலையாகக் கொடுத்தே அதனை வாங்கவேண்டும். பந்தய ஓட்டுநர் வளைவில் வெல்லும் நேரத்திற்காக அவ்விலையைக் கொடுக்கின்றார். கடைத்தெருவுக்குச் செல்பவர் எதற்காகக் கொடுக்கின்றார்?

இனி, கடையில் வாங்கிப் பின்னர்ப் பொருத்திக்கொள்ளும் பலகைகளின் பயனைச் சீர்தூக்குவோம். முன்னர்ப் போட்ட கணக்கை நினைவுகூருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத் தூக்குவது 10 கிலோ. நகர நெரிசலில் 40 கிலோமீட்டரில் செல்லும்போது 5 கிலோவுக்கும் குறைவு. பின்னிருக்கையில் அமர்ந்த சிறுவனின் எடை அதனினும் மிகுதி. நோயே இல்லாத இடத்தில் மருந்து என்ன செய்யும்? காற்றின் தூக்கு விசையும் பலகையின் அழுத்தமும் ஒரே இருமடி விதிக்கு உட்பட்டவை. வேகம் மிகுந்த இடத்தில் இரண்டும் பெரியன. வேகம் குறைந்த இடத்தில் இரண்டும் சிறியன.

தீங்கும் நேரக்கூடும். பலகை பெரும்பாலும் பின்சக்கரங்களின் அச்சுக்கும் பின்னால் நிற்கின்றது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2.5 மீட்டர் என்றும், பலகை பின் அச்சுக்கு அப்பால் 0.75 மீட்டரில் உள்ளது என்றும் கொள்க. பலகையை 20 கிலோ விசையில் காற்று அழுத்தினால், நெம்புகோல் விதிப்படி பின்சக்கரங்களில் 26 கிலோ கூடும். முன்சக்கரங்களில் 6 கிலோ குறையும். கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தின் பின்பகுதியை மிதித்தால் முன்பகுதி எழுவதைப் போன்றதே இது. இன்றைய சிறு கார்களுள் மிகப் பலவற்றில் எஞ்சின் சுழற்றுவதும் முன்சக்கரங்களையே, திருப்புவதும் முன்சக்கரங்களையே. பிடிப்பு மிகுதியாக வேண்டிய இடத்தில் அதனைக் குறைத்து, வேண்டாத இடத்தில் கூட்டுவது அறிவுடைமையாகுமா? ஓட்டுபவரின் கைக்கு வண்டி அடங்கி நடப்பது, முன்னும் பின்னும் உள்ள பிடிப்புகளின் சமநிலையைப் பொறுத்தது. ஒருபுறம் மட்டும் கூட்டுவது சமநிலையைக் கெடுப்பதே. பந்தயக் கார்களில் பின்சிறகு வைத்தோர் முன்புறத்திலும் சிறகு வைத்ததன் காரணம் இதுதான்.

இவற்றினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு; அது மனத்தில் விளைவது. பலகை பொருத்திய வண்டி சாலையை இறுகப் பிடிக்கும் என்று நம்பும் இளைஞர், மழை பெய்த சாலையிலும் வேகத்தைக் குறைக்கமாட்டார். தேய்ந்த டயர் தேய்ந்த டயரே. பலகை அதற்குப் புதிய வரிப்பள்ளங்களை வெட்டித் தராது. டயரில் காற்றழுத்தம் சரியாக இருக்கின்றதா, பிரேக் செவ்வையாக உள்ளதா, முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் தக்க இடைவெளி உள்ளதா என்பவற்றைக் கவனித்தால் கிடைக்கும் காப்பு, பலகையால் கிடைப்பதினும் பன்மடங்கு பெரிது. வளைவில் பிடிப்பு வேண்டுமாயின் எல்லோருக்கும் எளிதான வழி ஒன்று உண்டு: வேகத்தைப் பாதியாக்குங்கள், தேவையான பிடிப்புக் கால் பங்காகிவிடும்.

ஆக, தொடக்கத்தில் கூறிய மூன்று கருத்துகளும் ஓரோர் இடத்தில் மெய்யாகின்றன. மிகு வேகத்தில் தூக்கப்படும் வடிவமுடைய வண்டியில், அளந்து அமைத்த பலகை உண்மையான கருவி. கூரையோரத்தில் தக்க கோணத்தில் அமைந்த விளிம்பு, சிறு சிக்கனம் தரும் துணை. நகர வீதியில் 40 கிலோமீட்டரில் ஊர்ந்து செல்லும் வண்டியின்மேல் ஓங்கி நிற்கும் சிறகு, அணி. அணி செய்துகொள்வது குற்றமன்று. அணியைக் கவசமென்று நம்பிப் போர்க்களம் புகுவதே குற்றம்.

மாணவர்களே, ஒரு பொருள் பயனுடையதா என்று யாரேனும் உங்களைக் கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ உடனே விடை கூறிவிடாதீர்கள். எந்த வேகத்தில், எந்த வடிவத்தில், எந்த இடத்தில், எவ்வளவு என்று எதிர்வினா எழுப்புங்கள். அளவு தெரிந்த பின்னரே விடை தெரியும். அடுத்த முறை தெருவில் அத்தகைய காரைக் காணும்போது, அந்தப் பலகை எந்த வகையைச் சேர்ந்தது என்று நீங்களே கணித்துப் பாருங்கள். வகுப்பறையில் கற்ற பௌதிகம் தெருவிலும் உங்களோடு நடந்து வரும்.